பிரியும் செல், பிரியாத செல்: வாசகர் கேள்வி பதில்

மனித செல்லின் அமைப்பு, செயல், பகுப்பு ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறேன். நோயோடும் மருந்தோடும் தொடர்புடைய கேள்விகளுக்குச் சற்றுக் கூடுதலாக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பாடநூலில் செல் என்றால் வட்டமாக ஒரு படம், நடுவில் உட்கரு, சுற்றிலும் சில நுண்ணுறுப்புகள், மற்ற இடமெல்லாம் வெறுமை. நம் உடலிலுள்ள செல்கள் எல்லாம் இப்படித்தான் இருக்குமா? அந்த நுண்ணுறுப்புகள் சேர்ந்து வேலை செய்வது எப்படி?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: இருக்காது. பல வகைச் செல்களுக்குப் பொதுவான உறுப்புகளை ஒரே இடத்தில் காட்டுவதற்காக வரையப்படும் படம் அது. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரத்தச் சிவப்பணுக்கள்தாம். அவற்றுக்கோ உட்கருவே கிடையாது. எலும்போடு ஒட்டிய தசையின் ஒரு நார் பல சென்டிமீட்டர் நீளமும் நூற்றுக்கணக்கான உட்கருக்களும் கொண்டிருக்கலாம். கால் பெருவிரலுக்குச் செல்லும் நரம்புச் செல்லின் உடற்பகுதி முதுகெலும்புக்குள் இருக்க, அதன் ஆக்சான் என்னும் நீண்ட இழை ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே இறங்குகிறது. கருமுட்டையோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவு உடையது. கூர்ந்த பார்வைக்கு ஒரு புள்ளியாகத் தென்படும்.

வெறுமை என்பதும் சரியன்று. உட்கருவைச் சுற்றி நிறைந்திருக்கும் சைட்டோபிளாசத்தின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் முதலிய பெரிய மூலக்கூறுகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. தேரோட்ட நாளின் மாடவீதி போல நெருக்கியடித்துக்கொண்டுதான் அங்கே எல்லாம் நகர்கின்றன.

நுண்ணுறுப்புகளின் கூட்டுவேலையைப் புரிந்துகொள்ள, கணையத்திலுள்ள பீட்டா செல் இன்சுலின் தயாரிப்பதைத் தொடர்ந்து பார்ப்பது நல்ல வழி. இன்சுலினுக்கான மரபணு உட்கருவுக்குள் இருக்கிறது. அதன் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. படியெடுத்துக்கொண்டு உட்கருச் சவ்வின் துளைகள் வழியே வெளியே வருகிறது. ரைபோசோம்கள் அச்செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கின்றன. (சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகிய மூவரும் 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றது இந்த ரைபோசோமின் கட்டமைப்பை அணு அளவில் கண்டறிந்ததற்காகத்தான்.) கோக்கப்படும் சங்கிலி எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் நுழைந்து உரிய வடிவில் மடிகிறது, பிறகு கோல்கை உறுப்புக்குச் சென்று சிறு பைகளில் அடைக்கப்படுகிறது. அந்தப் பைக்குள்தான் சங்கிலியின் நடுத்துண்டு வெட்டி நீக்கப்பட்டு, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் உருவாகிறது. வெட்டப்பட்ட துண்டும் வீணாவதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில சமயம் எழுதித்தரப்படும் சி-பெப்டைடு சோதனை அந்தத் துண்டைத்தான் அளக்கிறது, ஏனென்றால் ஊசி வழியே போட்டுக்கொள்ளும் இன்சுலினில் அது இருக்காது.

பைகள் தயாரானவுடன் வெளியேறிவிடுவதில்லை. நாம் உண்ட பின் இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது அது பீட்டா செல்லுக்குள் புகுகிறது. மைட்டோகாண்ட்ரியா அதை எரித்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைப் பெருக்குகிறது, ஏ.டி.பி. பெருகியதும் செல் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்ள, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாய்ந்த கால்சியம் பைகளைச் சவ்வோடு இணையச் செய்ய, இன்சுலின் இரத்தத்தில் கலக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவை ஆற்றல் தரும் உறுப்பு என்று மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கலாம். ஆனால் இந்தச் செல்லில் அது சர்க்கரையை அளந்து சொல்லும் உறுப்பாகவும் இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை உடலின் எல்லாச் செல்களும் மாறி, நாம் முற்றிலும் புதிய மனிதராகிவிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்

பதில்: உண்மையன்று. சிறுகுடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள் ஐந்து நாள்களுக்குள் உதிர்ந்து புதியவை வருகின்றன. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மாறுகிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள்கள். அந்த இழப்பை ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்கியபடி இருக்கிறது. மறுபுறம், மூளையின் புறணியிலுள்ள நரம்புச் செல்கள் நீங்கள் பிறந்தபோது இருந்தவையே. உங்கள் வயதுதான் அவற்றுக்கும்.

இது எப்படித் தெரிந்தது என்பது வியப்பான செய்தி. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இருமடங்காகியது. 1963இல் அத்தகைய சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான பின் அந்த அளவு படிப்படியாகக் குறைந்துவந்தது. காற்றிலிருந்த கார்பன் பயிருக்கும், பயிரிலிருந்து உணவுக்கும், உணவிலிருந்து நம் செல்களுக்கும் வந்தது. ஒரு செல் கடைசியாகப் பிரிந்தபோது உருவான டி.என்.ஏ.யில் சேர்ந்த கார்பன் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுவதால், அதில் கார்பன்-14 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் அந்தச் செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். ஸ்டாக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் என்பவரின் குழு 2005 முதல் இந்த முறையால் மனித உறுப்புகளின் வயதைக் கண்டறிந்துவருகிறது. இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவும் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009இல் அக்குழு வெளியிட்டது. அதாவது, முழு ஆயுள் வாழ்ந்தவரின் இதயத்திலும் பாதிக்கு மேற்பட்ட செல்கள் மாறாதவை.

மாரடைப்பு வந்தவரை ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதில் இருக்கிறது. இரத்தம் கிடைக்காமல் மடிந்த இதயத் தசையின் இடத்தில் புதிய தசை வளராது, தழும்புதான் வரும். கல்லீரலின் இயல்போ வேறு. அதன் செல்கள் பல மாதங்கள் பிரியாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பகுதி வெட்டப்பட்டால் உடனே பிரியத் தொடங்குகின்றன. கல்லீரலில் பாதிக்கு மேல் தானமாகக் கொடுத்தவருக்கும் சில மாதங்களில் அது ஏறத்தாழப் பழைய அளவை எட்டிவிடுகிறது. அளவை எட்டியதும் பகுப்பு நின்றுவிடுகிறது. பிரியத் தெரிந்திருப்பதைப் போலவே, நிறுத்தத் தெரிந்திருப்பதும் செல்லுக்கு உயிர்நிலையான திறமை.

கேள்வி: ஒரு செல்லில் 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். செல் பிரியும்போது அது சிக்கிக்கொள்ளாமல் இரு செல்களுக்கும் பிசகின்றிச் சேர்வது எப்படி என்று ஒரு மாணவன் கேட்டான். விளக்க முடியுமா?
– அறிவியல் ஆசிரியர், அறந்தாங்கி

பதில்: அந்த மாணவனைப் பாராட்டுங்கள், செல் பகுப்பின் மையமான சிக்கலே அதுதான். மைட்டாசிஸ் என்னும் செல் பகுப்பின் நான்கு நிலைகளை மனப்பாடம் செய்பவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித செல் ஒருமுறை பிரிய ஏறத்தாழ 24 மணி நேரம் எடுத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியும் பகுப்பு நிகழ்வது அதில் ஒரு மணி நேரம்தான். டி.என்.ஏ.யை நகலெடுப்பதற்கு மட்டும் சுமார் 8 மணி நேரம் செலவாகிறது. டி.என்.ஏ. 46 குரோமோசோம்களாகப் பகுந்திருக்கிறது. அவற்றுள் மிகப் பெரிதான முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி கார இணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்துகள், உள்ளன. நகலெடுக்கும் நொதி மனித செல்லில் நொடிக்குச் சுமார் 50 எழுத்துகள் நகர்கிறது. ஓரிடத்தில் தொடங்கி இருதிசையிலும் நகலெடுத்தால் அந்த ஒரு குரோமோசோமுக்கே ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே செல், உட்கரு முழுவதிலும் பல்லாயிரம் இடங்களில் நகலெடுப்பைத் தொடங்குகிறது. வழியில் விழும் முறுக்குகளை டோபோஐசோமரேஸ் என்னும் நொதி, இழையை வெட்டி, முறுக்கை விடுவித்து, மீண்டும் ஒட்டிச் சரிசெய்கிறது. சிக்காமைக்கு முதற்காரணம் இதுவே.

நகலெடுத்த இரு இழைகளும் பிரிந்து அலைய விடப்படுவதில்லை. கோஹெசின் என்னும் புரதம் வளையமாக நின்று அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றிய இழை மேலும் மேலும் மடிந்து, குட்டையான, தடித்த குரோமோசோமாகிறது. சுருங்கிய பொருளை நகர்த்துவது எளிது. உட்கருச் சவ்வு கலைந்தபின், செல்லின் இரு முனைகளிலிருந்தும் நுண்குழல்களாலான கதிர்கோல் இழைகள் நீண்டு, ஒவ்வொரு குரோமோசோமின் சென்ட்ரோமியர் என்னும் இடுப்புப் பகுதியையும் இருபுறமிருந்தும் பற்றுகின்றன. ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் குஞ்சுகளின் பெரிய செல்களுக்குச் சாயமேற்றி இந்தக் காட்சியைக் கண்டு, 1882இல் வெளியிட்ட நூலில் வரைந்து காட்டினார்.

அவருக்குத் தெரிய வழியில்லாத ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம். இழையால் சரியாகப் பற்றப்படாத ஒரே ஒரு குரோமோசோம் இருந்தாலும், அது ‘பொறு’ என்னும் வேதிச் சைகையை வெளியிட்டுச் செல் முழுவதையும் நிறுத்திவைக்கிறது. கடைசி குரோமோசோமும் பற்றப்பட்டபின் சைகை அடங்குகிறது. செபரேஸ் என்னும் நொதி கோஹெசினை அறுக்கிறது. 46 குரோமோசோம்களின் நகல் இணைகளும் ஏறத்தாழ ஒரே கணத்தில் பிரிந்து எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கப்படுகின்றன. மெட்டாஃபேஸ் என்னும் நிலையை வகுப்பில் நடத்தும்போது, அதை இந்தக் காத்திருப்பாகச் சொல்லிப் பாருங்கள். மாணவர்களுக்கு நிச்சயம் பிடிபடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் கண்வலிக்கிழங்கைப் பந்தலிட்டு வளர்த்து, விதையை மருந்து தயாரிப்புக்கு விற்கிறோம். அதே கிழங்கைத் தின்றால் உயிர் போய்விடும். உறவினர் ஒருவர் நிணநீர்ப் புற்றுநோய்க்கு நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டைன் ஊசி போட்டுக்கொள்கிறார். முடி கொட்டி, பாதம் மரத்துப்போகிறது என்கிறார். இந்தச் செடிகளில் அப்படி என்ன இருக்கிறது? நித்தியகல்யாணி இலையைக் கஷாயமாகக் குடிக்கலாமா?
– விவசாயி, மூலனூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை: குடிக்கக் கூடாது. ஒரு கிராம் வின்கிரிஸ்டைனைப் பிரித்தெடுக்க டன் கணக்கில் உலர்ந்த இலை தேவைப்படுகிறது. கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது, வயிற்றின் வழியே அது உடலில் சரியாகச் சேர்வதுமில்லை. இலையிலோ அதைத் தவிர ஆல்கலாய்டு என்னும் வீரியமிக்க தாவர வேதிப்பொருள்கள் எத்தனையோ உள்ளன. சிகிச்சையில் இருப்பவருக்கு இரத்த அணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும் வேளையில் இப்படிப்பட்ட ஒன்றைக் கொடுப்பது ஆபத்தானது.

உங்கள் வயலில் விளையும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், கால்ச்சிசின் என்னும் பொருளைத் தன்னுள் கொண்டது. நித்தியகல்யாணியில் வின்கிரிஸ்டைனும் வின்பிளாஸ்டைனும் உள்ளன. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள், இரண்டின் வேதிப்பொருள்களும் வெவ்வேறு. ஆயினும் அவை தாக்கும் இடம் ஒன்றே. முந்தைய விடையில் சொன்ன கதிர்கோல் இழைகள் டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகும் நுண்குழல்கள். கால்ச்சிசினும் வின்கிரிஸ்டைனும் டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் வளர விடாமல் தடுக்கின்றன. இழை இல்லாததால் குரோமோசோம்கள் பற்றப்படுவதில்லை. பற்றப்படாததால் ‘பொறு’ என்ற சைகை அடங்குவதில்லை. செல் பாதிப் பகுப்பில் நின்று, பெரும்பாலும் அப்படியே மடிகிறது.

ஆகவே, எந்தச் செல்கள் அதிகம் பிரிகின்றனவோ அவையே முதலில் அடிபடும். கண்வலிக்கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன, ஏனென்றால் குடலின் உட்போர்வை ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பது. அடுத்த சில நாள்களில் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைகின்றன. பல உறுப்புகள் செயலிழக்கின்றன. அதைத் தாண்டிப் பிழைத்தவருக்கு ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டுகிறது. குடல், மஜ்ஜை, முடிவேர் என்று விஷம் போகும் பாதையே எந்தச் செல்கள் வேகமாகப் பிரிகின்றன என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கிழங்கையும் விதையையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும், விதை உடைத்தவர்கள் கை கழுவாமல் உண்ணாமலிருப்பதும் மிக அவசியம். யாரேனும் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இதே கால்ச்சிசின் இல்லாமல் மனித குரோமோசோம்களின் எண்ணிக்கையை அறிவதும் கடினமாகவே இருந்திருக்கும். மனிதருக்கு 48 குரோமோசோம்கள் என்றே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நூல்கள் சொல்லிவந்தன. இன்றைய இந்தோனேசியாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவானும் கால்ச்சிசினால் செல்களைப் பாதிப் பகுப்பில் நிறுத்தி, சிதறிக் கிடந்த குரோமோசோம்களை எண்ணி, 46 என்று 1956இல் வெளியிட்டார்கள்.

நித்தியகல்யாணியின் மருத்துவப் பயன் தற்செயலாக வெளிப்பட்டது. சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்து, எலிகள் தொற்றால் இறந்தன. வெள்ளணுவைக் குறைப்பது வெள்ளணுப் புற்றுக்கு மருந்தாகலாமே என்ற எண்ணத்தில் அவர்கள் தொடர்ந்ததன் விளைவாக 1958இல் வின்பிளாஸ்டைன் பிரித்தெடுக்கப்பட்டது.

உங்கள் உறவினரின் பாதம் மரத்துப்போவதற்கு வருவோம். நரம்புச் செல் பிரிவதில்லை. ஆனால் அதற்கும் நுண்குழல்கள் தேவை. முதுகெலும்பருகே தயாராகும் புரதங்கள் ஒரு மீட்டர் தூரத்திலுள்ள பாதத்துக்கு ஆக்சானுக்குள் ஓடும் நுண்குழல்களின் மேல்தான் கொண்டுசெல்லப்படுகின்றன. வேகமான போக்குவரத்தே நாளொன்றுக்கு 40 சென்டிமீட்டர்தான். அந்தப் பாதை பழுதாகும்போது மிக நீளமான நரம்புகளின் நுனி முதலில் பட்டினி கிடக்கிறது. ஆகவேதான் கால்விரல்களிலும் கைவிரல்களிலும் மரப்பு தொடங்குகிறது. குடலின் நரம்புகள் பாதிக்கப்படுவதால் மலச்சிக்கலும் வரலாம். இவற்றை அவர் தம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று அதைக் கொண்டுதான் முடிவுசெய்வார்கள். முடியைப் பற்றிக் கவலை வேண்டாம். முடிவேரில் வேகமாகப் பிரியும் செல்கள் மடிந்தாலும், அவற்றுக்குச் சற்று மேலே பெரும்பாலும் பிரியாமல் ஒதுங்கியிருக்கும் மூலச் செல்கள் தப்பிவிடுகின்றன. சிகிச்சை முடிந்ததும் முடி அவற்றிலிருந்து மீண்டும் வளரும்.

கேள்வி: தாயின் வயது கூடினால் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்கிறார்கள். தந்தையின் வயதுக்கு அப்படி இல்லையா? பெண்களை மட்டும் குறை சொல்வது நியாயமா?
– வாசகி, தேனி

பதில்: குறை சொல்வது எந்த வகையிலும் நியாயமன்று, நிகழ்வது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாதது. விந்தணுவும் கருமுட்டையும் மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பால் உருவாகின்றன. அதில் 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குறைய வேண்டும். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைச் செல்கள் இந்தப் பகுப்பைத் தொடங்கி, முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு முட்டை வெளியாகும் மாதத்தில்தான் அந்த முட்டையின் பகுப்பு மீண்டும் தொடர்கிறது. இரண்டாம் பகுப்பு நிறைவடைவது விந்தணு நுழைந்த பிறகே. அதாவது 38 வயதில் வெளியாகும் முட்டை, 38 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதிப் பகுப்பில் காத்திருந்தது. இத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டிய கோஹெசின் வளையங்கள் தளர்வதே பிரிவு பிசகுவதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்துவிட்டால் டவுன் நோய்க்குறி. இதை 1959இல் பிரான்சில் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே உள்ளிட்டோர் அறிவித்தார்கள். தாயின் 25 வயதில் இதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 40 வயதில் ஏறத்தாழ நூறில் ஒன்று. இளம் தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளே எண்ணிக்கையில் மிகுதி என்பதால் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் பலர் இளம் தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆணின் நிலைமை நேர்மாறானது. விந்தணுவின் மூலச் செல்கள் பருவமடைந்த பின் ஆண்டுக்குச் சுமார் 23 முறை பிரிவதாகக் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுவதால் எழுத்துப்பிழைகள் சேர்கின்றன. தந்தைக்கு வயது ஓராண்டு கூடினால் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு புதிய மரபணு மாற்றங்கள் கூடுதலாகச் செல்கின்றன என்று ஐஸ்லாந்துக் குடும்பங்களில் நடந்த ஆய்வு 2012இல் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும் குள்ள வளர்ச்சியை உண்டாக்கும் அக்கோண்ட்ரோபிளேசியா போன்ற சில குறைபாடுகள் தந்தையின் வயதோடு தொடர்புடையவை. தாயின் செல் நெடுங்காலம் காத்திருப்பதாலும், தந்தையின் செல் ஓயாமல் பிரிவதாலும் பிழைகள் நேர்கின்றன. ஒரு தரப்பை மட்டும் பேசும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

கேள்வி: டீலோமியரை நீட்டி முதுமையைத் தள்ளிப்போடும் என்று மாத்திரை விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம். குரோமோசோமின் நுனியிலுள்ள டீலோமியர் ஒவ்வொரு பகுப்பிலும் சற்றுக் குறைகிறது. மனித உடலிலிருந்து எடுத்த இயல்பான செல்கள் ஆய்வகத்தில் ஏறத்தாழ 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று லெனார்டு ஹேஃப்ளிக் 1961இல் காட்டியதற்கு இதுவே காரணம். நுனியை மீண்டும் நீட்டும் டீலோமரேஸ் என்னும் நொதியை நம் பெரும்பாலான செல்கள் அடக்கியே வைத்திருக்கின்றன. புற்றுநோய்ச் செல்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை அதை விழிக்கச் செய்துகொண்டுதான் எல்லையின்றிப் பிரிகின்றன. மாத்திரையால் டீலோமியர் நீண்டு மனிதரின் ஆயுள் கூடியதாக எந்த நிரூபணமும் இல்லை.

கேள்வி: சிவப்பணுவில் உட்கரு இல்லையென்றால், ஒரு துளி இரத்தத்திலிருந்து டி.என்.ஏ. சோதனை செய்வது எப்படி?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: வெள்ளணுக்களிலிருந்து. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும்போது வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான். ஆனாலும் ஒரு துளி என்பது ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர் ஆகையால், அதில் சோதனைக்கு வேண்டியதைவிட மிக அதிகமாகவே இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட உட்கருக்கள் கிடைத்துவிடுகின்றன. சிவப்பணுவும் பிறக்கும்போது உட்கருவோடுதான் பிறக்கிறது. ஹீமோகுளோபினால் நிறைந்தபின், மஜ்ஜையை விட்டு வெளியேறுமுன், அது தன் உட்கருவை வெளியே தள்ளிவிட, அருகிலிருக்கும் விழுங்கு செல்கள் அதை உட்கொண்டு செரித்துவிடுகின்றன.